வாடி நின்ற ஒட்டுச் செண்பகம்: தக்கலை அருகே ஒரு வீட்டு முற்றத்தின் நிகழ்வு ஆய்வு

மரம்: ஒட்டுச் செண்பகம், நட்டு நான்கு மாதம்.
இடம்: தக்கலைக்கு அருகே, மேட்டை ஜேசிபி வைத்து வெட்டி நிரவிய மனை, வீட்டின் மேற்கு முற்றம்.
புகார்: இலை மஞ்சளித்து உதிர்கிறது, கொம்பின் நுனி காய்கிறது, தளிர் விரியும் முன்பே கருகுகிறது.
பார்த்த காலம்: புரட்டாசித் தொடக்கம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, ஐப்பசி மழை இன்னும் பிடிக்காத இடைவெளி.

கன்னியாகுமரி மாவட்டத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் முற்றத்தில் ஒரு பூமரம் வேண்டும் என்று முதலில் கேட்பது பெரும்பாலும் செண்பகமாகத்தான் இருக்கும். விதைக்கன்று பூக்கப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒட்டுக்கன்று ஓரிரு ஆண்டிலேயே பூத்துவிடும் என்பதால் நர்சரிகளில் அதற்குத்தான் கிராக்கி. ஆனால் முதல் ஆண்டிலேயே பட்டுப்போகும் பூமரங்களிலும் செண்பகம் முன்வரிசையில் நிற்கிறது. அதன் வேர் சதைப்பற்றானது, எளிதில் ஒடியும், நீர் தேங்கினால் சீக்கிரம் அழுகும். அந்த வேரை எந்தக் குழியில் வைக்கிறோம் என்பதில்தான் மரத்தின் பிழைப்பு இருக்கிறது. இந்த மரம் அதற்கு நல்ல சான்று.

முதல் பார்வையில் தெரிந்தவை

மரம் சுமார் 5 அடி உயரம். தண்டு அடியில் பெருவிரல் பருமன். உச்சியிலிருந்து ஒன்றரை அடிக்கு இலையே இல்லை. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்ததில் உச்சிக் கொம்பில் பட்டைக்கு அடியில் பழுப்பு. அதற்குக் கீழே மூன்றடி உயரத்தில் சுரண்டினால் ஈரப் பச்சை. அந்தப் பச்சை இருக்கும்வரை மரத்தைக் கைவிட வேண்டியதில்லை. சுரண்டும்போது உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வரவேண்டும், ஒவ்வோரிடத்திலும் அரை விரற்கடை நீளம் போதும். தண்டைச் சுற்றிலும் சுரண்டிவிடக் கூடாது.

மிச்சமிருந்த இலைகளில் இரண்டு விதமான கோளாறு கலந்து தெரிந்தது. இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளிர்மஞ்சளாகவும் இருந்தது. இது இரும்புச்சத்து இலைக்குப் போய்ச் சேராததன் அடையாளம். இரும்பு செடிக்குள் பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது, அதனால் பற்றாக்குறை முதலில் தளிரில்தான் தெரியும். தழைச்சத்துக் குறைவு என்றால் நேர்மாறாக, அடியிலைகள் முழுசாக மஞ்சளித்திருக்கும். இங்கே அடியிலைகளின் ஓரமும் நுனியும் தீய்ந்து பழுப்பாகியிருந்தன. அது உப்பு மிகுந்ததாலோ வேர் நீர் எடுக்காததாலோ வருவது. இரண்டும் ஒரே மரத்தில் இருப்பதால் ஒரு காரணத்தோடு கதை முடியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னொன்று, வீட்டார் மிகவும் நம்பியிருந்தது: தண்டின் அடியிலிருந்து இரண்டு கொழுத்த துளிர்கள் ஓரடிக்கு மேல் வளர்ந்திருந்தன. மரம் தேறுகிறது என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவை ஒட்டுக்கும் (நல்ல ரகக் கொம்பும் வேர்ச்செடியும் சேரும் இடம்) கீழே, வேர்ச்செடியிலிருந்து வந்தவை. மேலே நல்ல ரகம் காய்ந்துகொண்டிருக்க, கீழே நாட்டுச் செடி கிளம்புகிறது என்பதே அதன் பொருள்.

தண்டைப் பிடித்து இலேசாக ஆட்டினால் மரம் முழுவதும் ஆடியது. தண்டைச் சுற்றி மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. ஆனி, ஆடியில் அடித்த மேல்காற்றின் வேலை அது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்தில் மரங்களைச் சாய்த்து வளர்க்கும் அளவுக்கு வேகம் தக்கலையில் இல்லை என்றாலும், ஊன்றுகோல் இல்லாத ஒரு கன்றின் புதுவேரைத் தினமும் அறுக்க இந்த வேகமே போதும்.

வீட்டார் சொன்னது

வைகாசித் தொடக்கத்தில் நட்டிருக்கிறார்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் ஒன்றரை அடி. வெட்டி எடுத்த சரல் (சரளை) மண் "சத்தில்லாதது" என்று தள்ளிவிட்டு, வெளியிலிருந்து வாங்கிய செம்மண், மாட்டுச்சாணம், கோகோபீட் என்று விற்கும் நார்த்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து குழியை நிரப்பியிருக்கிறார்கள். குழிக்கு அடியில் "தண்ணி வடிய" உடைந்த ஓட்டுத் துண்டுகள். பிறகு முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்து, மரத்தைச் சுற்றி இரண்டடிச் சதுரம் மட்டும் திறந்து விட்டிருக்கிறார்கள்.

ஆடியில் இலை வாடத் தொடங்கியதும் தண்ணீரைக் கூட்டியிருக்கிறார்கள். "தெனமும் ரெண்டு கொடம் விடுதோம், பொறவும் வாடுது" என்பதுதான் வீட்டு அம்மாளின் ஆதங்கம். பிறகு ஒரு கைப்பிடி யூரியா. பிறகு அடுப்புச் சாம்பல். பிறகு பச்சைச் சாணக் கரைசல். ஒவ்வொன்றும் யாரோ அக்கறையோடு சொன்னது, ஒவ்வொன்றும் மரத்தை ஒரு படி கீழே இறக்கியது.

மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடினால் அது தாகமில்லை. வேருக்கு மூச்சு இல்லாதபோது அது நீரை எடுக்காது. நீரில் நின்றுகொண்டே மரம் வாடும். இந்த ஓர் அடையாளத்தைப் பிடித்திருந்தால் ஆடியிலேயே தண்ணீரை நிறுத்தியிருக்கலாம். ஊற்றும் முன் நான்கு விரற்கடை ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்ப்பது எல்லா வீட்டிலும் வரவேண்டிய பழக்கம்.

மூன்று சோதனைகள்

முதலாவது நீர் வடியும் சோதனை. மரத்திலிருந்து 4 அடி தள்ளி, கல்லைப் பெயர்த்து, 30 செ.மீ. அகலம் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளக்க வேண்டும். முதல் முறை நிரப்புவது சுற்று மண்ணை நனைப்பதற்கு. அதை அளந்தால் கணக்கு தப்பும். நீர்மட்டம் மணிக்கு 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் செண்பகத்தை நேரடியாக நடலாம். இங்கே ஒரு மணி நேரத்தில் 1 செ.மீ.கூட இறங்கவில்லை. மேல்மண்ணை முழுவதும் ஜேசிபி வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருப்பது வெட்டுக்கல்லாக இறுகும் அடிமண், அதன்மேல் லாரியும் ஓடியிருக்கிறது.

இரண்டாவது காரத் தன்மை. இந்த மாவட்டத்துச் செம்மண்ணும் சரல் மண்ணும் இயல்பில் அமிலப் பக்கம் சாய்ந்தவை. அது செண்பகத்துக்குப் பிடித்தமானது. ஆனால் குழி ஓரத்து மண்ணில் சாம்பல் நிறக் கட்டிகள் தென்பட்டன. 20 கிராம் மண்ணை 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கலக்கி அரை மணி நேரம் வைத்துப் பி.எச். கருவியில் பார்த்ததில் 8-க்கு மேல் (7-க்கு மேல் காரம், கீழே அமிலம்). அந்தக் கட்டியின் மேல் வினிகர் விட்டதும் நுரைத்தது. பூச்சு வேலையில் சிந்திய சிமென்ட் கலவைதான். சிமென்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும், காரமான மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. தளிரின் மஞ்சளுக்கு அதுவே முதல் காரணம். அடுப்புச் சாம்பலும் காரம்தான், அதனால் அது இதை மேலும் கெடுத்தது. தென்னைக்குச் சாம்பல் போடும் வழக்கம் இங்கே பழையது. காரம் ஏறிய முற்றத்து மண்ணுக்கு அதை எடுத்துவரக் கூடாது.

மூன்றாவது, வானத்து நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. முற்றத்தின் சரிவு மரத்தை நோக்கி இருந்தது. சன்ஷேடின் வடிகுழாயும் மரத்துக்கு மூன்றடி தொலைவில்தான் நீரைக் கொட்டியது. தக்கலை இருக்கும் கல்குளம் வட்டத்துக்கும் அடுத்த விளவங்கோடு பக்கத்துக்கும் இரண்டு பருவமழையும் நன்றாகக் கிடைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கூரை நீரையும் மரக்குழிக்குள் விடுவது ஆனி மாதம் முழுவதும் அதைக் குளத்தில் நிறுத்துவதற்குச் சமம்.

தோண்டியபோது

தண்டின் அடியில் மண்ணைக் கையால் ஒதுக்கியதும் முதல் தவறு கண்ணில் பட்டது. நர்சரிப் பையில் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்திருக்க வேண்டிய ஒட்டு, மண்ணுக்குள் புதைந்திருந்தது. நார்த்தூளும் சாணமும் மட்கி அமுங்க, மரமும் அதனோடு இறங்கியிருக்கிறது. மேலே மறுபடி மண் போட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

ஒட்டின் மேல் சுற்றிய பாலித்தீன் நாடா அவிழ்க்கப்படவே இல்லை. வெளியே பார்த்தால் மெல்லிய வெளிறிய வளையம். பிளேடு நுனியை நாடாவின் ஓரத்தில் செருகி, தண்டின் நீளவாட்டில் ஒரு கீறல் போட்டுப் பிரித்ததும் அடியில் தண்டு சுற்றிலும் பள்ளமாக இறுகியிருந்தது. பள்ளத்துக்கு மேலே பட்டை தடித்துப் புடைத்திருந்தது, கீழே மெலிந்திருந்தது. இலை சமைத்த உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். வழி நெரிபட்டால் அது நாடாவுக்கு மேலேயே தங்கிவிடும், வேர் பட்டினி கிடக்கும். பள்ளத்தில் ஒரு பக்கம் பட்டை கறுத்திருந்தாலும் சுற்றளவில் முக்கால் பங்குக்குப் பச்சை இருந்ததால் மரம் பிழைக்கும் என்று துணிய முடிந்தது. பாதிக்கு மேல் கறுத்திருந்தால் வேறு கன்று வாங்குவதே நல்லது.

வேர்க்கட்டியைச் சுற்றி இன்னும் தோண்டியபோது கலவை மண் சொதசொதவென்று இருந்தது, அழுகிய முட்டை வாடை அடித்தது. குழியின் சுவர்கள் மம்பட்டி வெட்டில் வழவழப்பாக இறுகியிருந்தன, ஒரு வேர்கூட அதற்குள் நுழையவில்லை. அடியில் ஓட்டுத் துண்டுகளுக்கிடையே தண்ணீர் நின்றது. குழி ஒரு சிமென்ட் தொட்டியாகவே மாறியிருந்தது. வெளியேற வழி இல்லாத குழியின் அடியில் ஓடோ ஜல்லியோ போட்டால் நீர் வடியாது. மேலே உள்ள நுண்ணிய மண் முழுசாக ஊறிய பிறகே ஜல்லிக்குள் சொட்டும், ஆக ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். இதைச் செய்யாத வீடு இங்கே குறைவு.

வேர்க்கட்டியின் வெளிப்புறத்தில் பையின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றிய வேர்கள். அடியில் இருந்தவை கறுத்து, விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் நின்றது. மேல்பாதி வேர்கள் வெளிர்மஞ்சளாக, உறுதியாக இருந்தன. மொத்தத்தில் பாதிக்கும் சற்று அதிகமாக உயிருள்ள வேர்.

சிகிச்சை

மரத்தைத் தூக்கி மறுபடி நடுவதா, அப்படியே வைத்துச் சரிசெய்வதா என்பதுதான் முதல் முடிவு. நட்டு நான்கே மாதம், வேர் பழைய கட்டியை விட்டு வெளியே போகவில்லை. ஆகவே தூக்குவதால் இழப்பதற்கு அதிகம் இல்லை. இரண்டு, மூன்று ஆண்டு நின்ற செண்பகமாக இருந்தால் தூக்கவே கூடாது; தண்டடி மண்ணை மட்டும் ஒதுக்கி, வடிகால் வெட்டி விடுவதோடு நிறுத்த வேண்டும். காலமும் வாய்த்திருந்தது. புரட்டாசியில் வெயில் இருந்தாலும் மாசி, பங்குனி அளவுக்குச் சுடாது. ஐப்பசி மழைக்குள் வடிகால் தயாராகிவிட வேண்டும் என்பதே அவசரம்.

முதலில் நீரின் வழி. சன்ஷேட் குழாயை 4 அங்குலப் பி.வி.சி. இணைத்து மதிலோரச் சாக்கடைக்கு நீட்டியாயிற்று. இன்டர்லாக் கல்லை மரத்தைச் சுற்றி 5 அடிச் சதுரத்துக்குப் பெயர்த்து, கலவைக் கட்டி கலந்த மண்ணை 15 செ.மீ. ஆழத்துக்கு வாரி அப்புறப்படுத்தினோம். குழியின் அடியிலிருந்து மனையின் தாழ்ந்த ஓரத்துக்கு அரையடி அகலத்தில் ஒரு வாய்க்கால், ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு. அதில் முக்கால் அங்குல ஜல்லி போட்டு, மேலே பழைய சாக்கை விரித்து மண் மூடியாயிற்று. சாக்கு மட்கும் முன் மண் படிந்து நிலைத்துவிடும். மதிலின் கீழே ஏற்கனவே நீர்த்துளை இருந்ததால் வாய்க்கால் அங்கே முடிந்தது. அப்படி ஒரு தாழ்ந்த வாய் இல்லாத மனையில் குழியையே மறந்துவிட்டு, தரைமேல் மேடு போட்டு நடுவதுதான் வழி.

குழிச் சுவரின் வழவழப்பைக் கடப்பாரையால் கொத்தி உடைத்து, அடியை இன்னும் 20 செ.மீ. தளர்த்தினோம். பழைய கலவை முழுவதும் வெளியே. நிரப்புவதற்கு நார்த்தூளும் சாணமும் கலக்காத உள்ளூர்ச் செம்மண் மட்டும். பக்கத்து விளையிலிருந்து (தோட்டத்திலிருந்து) எடுத்தது, சிமென்ட் கலக்காதது, பி.எச். 6-க்குச் சற்றுக் குறைவு. பத்துப் பத்து செ.மீ. அடுக்காகப் போட்டுக் காலால் மிதித்து, நீர் விட்டு, இரண்டு இரவு அமர விட்டாயிற்று. அதுவரை மரம் நிழலில், வேர்க்கட்டி ஈரச் சாக்குக்குள்.

மட்கும் பொருளை வேருக்கு அடியில் போட்டால் மட்கியதும் மரம் இறங்கும், ஒட்டு புதையும். எரு வேண்டுமானால் மண்ணின் மேல் போட வேண்டும். மழை அதைக் கீழே இறக்கிக்கொள்ளும்.

வேர் வேலை காலை 8 மணிக்குள், நிழலில். சொட்டு நீர் விட்டுப் பழைய கலவையைக் கழுவி, அழுகிய வேர்களை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் நல்ல வேர் தொடங்கும் இடம்வரை வெட்டினோம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியைத் துடைக்க வேண்டும். சுற்றிய வேர்களில் தண்டை நெருக்கும் இரண்டை மட்டும் அறுத்து, மற்றவற்றை விரலால் பிரித்து வெளிப்பக்கம் விரித்தோம். சுற்று வேர் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டும் ஆசை வரும். செண்பகம் அதைத் தாங்காது. அழுகலை வெட்டியதே கணிசம், நல்ல வேரில் கால்பங்குக்கு மேல் போகக் கூடாது. நாடா இறுகிய பள்ளத்தைத் துடைத்துக் காய விட்டதோடு சரி, பசையோ பெயின்டோ பூசவில்லை.

நட்ட முறை இப்படி: வேர்க்கட்டியின் அடி பழைய தரைமட்டத்தில் அமரும். கட்டி 28 செ.மீ. உயரம், ஆகவே வேர் தொடங்கும் கழுத்து தரைக்கு அவ்வளவு மேலே. அதைச் சுற்றி அடியில் 1.5 மீட்டர், உச்சியில் 90 செ.மீ. அகலமுள்ள மேடு. இதற்கு அமுங்கிய கணக்கில் சுமார் 11 கன அடி மண் பிடிக்கும், அமுங்குவதற்குச் சேர்த்து 14 கன அடி கொண்டுவர வேண்டும். கழுத்தின் மேல் மண் ஏறவே கூடாது. ஒட்டு மேட்டின் உச்சிக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. வேர்க்கட்டியின் ஓரத்தில் 2 அங்குலப் பி.வி.சி. குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் துளையிட்டு, பழைய குழியின் அடிவரை இறக்கி வைத்தோம். மழை விட்ட பிறகு ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தால் அடியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். செலவு சொற்பம், பயன் பெரிது.

நட்டதும் 10 லிட்டர் வெறும் தண்ணீர், மண் வேரோடு ஒட்டுவதற்கு. மறுநாள் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் செம்புப் பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 5 லிட்டர் வேர்ப்பகுதியில் ஊற்றியாயிற்று. மூன்று வாரம் கழித்து 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நல்ல பூஞ்சையை ஒரு கிலோ ஈர மட்குரத்தில் கலந்து மேட்டின் மேல் தூவினோம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் செம்பு மருந்து நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும். எந்த மருந்தும் நீர் தேங்கும் குழியில் வேலை செய்யாது. வடிகால் இல்லாமல் மருந்து மட்டும் வாங்கி ஊற்றுவது காசைக் கரைப்பது.

ஊன்றுகோலுக்கு இரண்டு சவுக்குக் கம்பு, வேர்க்கட்டிக்கு வெளியே, தெற்கிலும் வடக்கிலும். காற்று மேற்கிலிருந்து வருவதால் கம்பு குறுக்கே நிற்க வேண்டும். கட்டு தண்டின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், சைக்கிள் டியூப் துண்டால் எட்டு வடிவத்தில். தண்டின் மேல்பகுதி காற்றில் ஆட வேண்டும், அப்போதுதான் தண்டு பருக்கும். வேர்க்கட்டி மட்டும் ஆடக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒட்டு நாடா செய்த வேலையைக் கயிறு செய்யும்.

உச்சியில் காய்ந்த கொம்பைப் பச்சை தெரியும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டி நிறுத்தினோம். பச்சையான கொம்பையோ மிச்ச இலையையோ தொடவில்லை. வேர் குறைந்த மரத்துக்கு அந்த இலைகள்தான் சாப்பாடு. அடித்துளிர்களைக் கத்தரிக்காமல், பிறந்த இடத்திலிருந்து கீழ்நோக்கிப் பிய்த்து எடுத்தோம். வெட்டினால் அடியிலிருந்து நான்காகக் கிளைக்கும். மேற்குப் பக்கம் மட்டும் 50 சதவீத நிழல்வலை, மாலை வெயிலை மறைக்க.

மூடாக்குக்குப் பழைய கதம்பை. தேங்காய் உரித்த புதுக் கதம்பையில் கறையும் உப்பும் இருக்கும். ஒரு மழைக்காலம் வெளியே கிடந்து கறுத்ததே நல்லது. குடைந்த பக்கம் கீழே இருக்கும்படி மேட்டின் சரிவில் வளையமாக அடுக்கினால் மழையில் மண் கரையாது, கொசு முட்டையிடவும் நீர் தேங்காது. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே தொடங்க வேண்டும். செத்த வேரும் ஈரமான மூடாக்கும் சேர்ந்த இடத்துக்குச் சிதல் (கறையான்) வரும், ஆகவே மாதம் ஒருமுறை கதம்பையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லியாயிற்று.

உரம் எதுவும் போடவில்லை. வேரில்லாத மரத்துக்கு உரம் உப்பாகத்தான் போய்ச் சேரும்.

பிறகு நடந்தது

ஐப்பசியில் மழை வலுத்தபோது ஈர்க்குச்சி ஒரு சாண் நனைந்து வந்தது. மறுநாள் காலையில் குழாயின் அடியில் ஈரம் மட்டும். அதுவே வடிகால் வேலை செய்வதற்கான சான்று. அந்த மாதங்களில் ஒரு குடம்கூட ஊற்றவில்லை. இலை இன்னும் சில உதிர்ந்தன. வீட்டார் கலங்கினார்கள். ஆனால் தண்டில் பச்சை கீழே இறங்கவில்லை. வேர் பிடிக்கும் மாதங்களில் மேலே எதுவும் நடக்காததுபோலத்தான் இருக்கும்; அப்போது யூரியாவோடு வருகிறவர்களைத் தடுப்பதே பெரிய சிகிச்சை.

மார்கழிக் கடைசியில், வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கணுக்களில் மொட்டு புடைத்தது. தை, மாசியில் இலை விரிந்தது. முதல் இலைகளில் இன்னும் மஞ்சள் இருந்ததால், லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட்டும் (இரும்பு உப்பு) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளித்தோம். இரண்டு வாரத்தில் இன்னொரு முறை. சுற்றிலும் உள்ள இன்டர்லாக் கல்லைத் தார்ப்பாயால் மூடிவிட்டுத் தெளிக்க வேண்டும். பெரஸ் சல்பேட் சொட்டினால் துருக்கறை விழும், அது எளிதில் போகாது. இரண்டாம் அடுக்கு இலைகள் பச்சையாக வந்தன.

தை முதல் பங்குனி வரை தண்ணீர் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 10 லிட்டர். மேடு என்பதால் ஒரே மூச்சில் ஊற்றினால் வழிந்தோடும். அடியில் சிறு துளையிட்ட வாளியை மேட்டின் மேல் வைத்து நிரப்பிவிட்டால் அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். வாளியை ஒருமுறை வேர்க்கட்டிக்கு மேலும் அடுத்த முறை மேட்டின் விளிம்பிலும் மாற்றி வைக்க வேண்டும். மையத்தில் மட்டும் ஈரம் இருந்தால் வேர் வெளியே தேடிப் போகாது. சித்திரையில் கோடை மழை விழுந்ததும் வாரம் ஒன்றாகக் குறைத்தாயிற்று.

மாசியிலேயே இரண்டு பூமொட்டு வந்தது. கிள்ளி எறியச் சொன்னபோது வீட்டு அம்மாளுக்கு மனமே வரவில்லை. அது நியாயமும்கூட, செண்பகம் வைத்ததே பூவுக்காகத்தான். ஆனால் முதல் ஆண்டில் பூக்கிற ஒட்டு மரம் வேரைக் கடன் வாங்கித்தான் பூக்கும். மொட்டு கிள்ளப்பட்டது. அந்தக் கொம்பு வைகாசிக்குள் ஓரடி நீண்டது.

இழந்தது ஒன்று உண்டு: நடுத்தண்டின் உச்சி திரும்பவில்லை. புதிதாக வந்த இரண்டு கொம்புகளில் நிமிர்ந்ததைத் தலைக்கொம்பாக வைத்து, மற்றதைப் பாதியாகக் கிள்ளினோம். ஊன்றுகோலில் தென்னை ஈர்க்குக் கட்டு ஒன்றைக் கட்டித் தலைக்கொம்பை நேராக்கியாயிற்று. தண்டில் சிறு கோணல் சில ஆண்டு தெரியும்.

இதே வாட்டம், வேறு காரணம்

இந்த வைத்தியத்தை அப்படியே மாவட்டத்தின் எல்லா இடத்துக்கும் எடுத்துப் போகக் கூடாது. மணவாளக்குறிச்சி, முட்டம் போன்ற கடலோர மணலில் நட்ட கன்று வாடினால் பெரும்பாலும் உண்மையிலேயே தாகம்தான். அங்கே மேடு போட்டால் மரம் செத்துவிடும், தாழ்த்தி நட்டு மூடாக்கைத் தடிப்பாக்க வேண்டும். இலையின் கடல்பக்கம் மட்டும் கருகியிருந்தால் உப்புக்காற்று. அந்த இடத்துக்குச் செண்பகத்தைவிடப் புன்னையும் பூவரசும் ஏற்றவை. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றுதான் முதல் எதிரி. அங்கே ஊன்றுகோலும் மேற்கே ஒரு மறைப்பும் இல்லாமல் ஆனிக்கு முன் நடக் கூடாது, ஐப்பசியில் நட்டால் அடுத்த ஆனிக்குள் வேர் பிடித்துவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வீசியபோது இந்த மாவட்டத்தில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. வேர் சுற்றிய மரத்துக்கு அப்படி ஒரு காற்றில் பிடிமானம் இருக்காது. நடும் நாளில் பிரித்து விடாத வேர் பத்து ஆண்டு கழித்தும் பழிவாங்கும்.

ஈரமான சரல் நிலத்தில் நீர் வடிய வழியே இல்லை என்றால் பூமருது நடலாம். ஆற்றோரத்தில் வளர்ந்து பழகிய மரம், செண்பகம் அழுகும் இடத்தில் அது நிற்கும்.

இனிச் செய்ய வேண்டியது

இந்த மரத்துக்கு அடுத்த ஐப்பசித் தொடக்கத்தில் 2 கிலோ மட்குரம், மேட்டின் வெளிவிளிம்பில், மண்ணோடு கொத்தாமல். ஊன்றுகோலை நட்ட ஆண்டு நிறைவில் அவிழ்க்க வேண்டும். மறுபடி நட்டது புரட்டாசியில் என்பதால், நடுவே வரும் ஆனி, ஆடிக் காற்றை ஒருமுறை தாண்டியிருக்கும். அவிழ்த்த அன்று தண்டை ஆட்டிப் பார்த்து, மண் அடியில் அசைந்தால் இன்னும் ஆறு மாதம் கட்டு இருக்கட்டும். மூன்றாம் ஆண்டில் இன்டர்லாக் கல்லில் இன்னும் சில வரிசைகளைப் பெயர்த்து, திறந்த மண்ணை 8 அடிச் சதுரமாக்க வேண்டும். வேர் அப்போது மேட்டைத் தாண்டி வெளியே வந்திருக்கும்.